எங்கிருந்து எடுத்தாய் என்று கேளுங்கள்

கலை, வடிவமைப்புக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிற, பாடத்திட்டம் வகுக்கிற, இறுதியாண்டு மதிப்பீட்டில் அமர்கிற ஆசிரியர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

ஒரு மாணவர் தன் படைப்புக்கான தூண்டுதல் சித்திரக்கதையிலிருந்தோ திரைப்படச் சுவரொட்டியிலிருந்தோ வீடியோ கேமிலிருந்தோ கிடைத்தது என்று சொன்னால், அதற்காக அவருடைய மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல். எடுத்ததை அவர் எவ்வளவு கூர்ந்து பார்த்தார், எடுத்து என்ன செய்தார், யாரிடமிருந்து எடுத்தோம் என்று மறைக்காமல் சொன்னாரா என்பவற்றைக் கேளுங்கள். எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் கேளுங்கள். மூலத்தின் அந்தஸ்தைப் பார்த்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நான் சுவரொட்டிகளும் நூல் அட்டைகளும் வடிவமைப்பதைத் தொழிலாகக் கொண்டவன். அவ்வப்போது புறத்தேர்வாளராகக் கல்லூரிகளுக்கு அழைக்கப்படுகிறேன். அப்படிப் போன ஓர் இறுதியாண்டுக் கண்காட்சியில் ஒரு மாணவி தூக்கமின்மை பற்றிச் சுவரொட்டி வரிசை ஒன்றை மாட்டியிருந்தார். ஒவ்வொரு தாளும் சித்திரக்கதைப் பக்கம்போலச் சிறு கட்டங்களாகப் பிரிந்திருந்தது. இரவு ஏற ஏறக் கட்டங்கள் சுருங்கின; கட்டங்களுக்கு நடுவில் இருந்த வெள்ளை இடைவெளி அகன்றது. கடைசித் தாளில் ஏறக்குறைய இடைவெளி மட்டுமே மிஞ்சியிருந்தது. சித்திரக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில்தான் காலம் நகர்கிறது, அங்கே நடப்பதை வாசகரின் மனம்தான் நிரப்பிக்கொள்கிறது. அதைக் கவனித்து, விழித்துக் கிடப்பவரின் நேரத்தை அந்த வெள்ளையைக் கொண்டே அவர் அளந்திருந்தார். அந்தக் கூடத்தில் இருந்தவற்றிலேயே கூர்மையான வேலை அதுதான் என்று எனக்குப் பட்டது. உடன் இருந்த மதிப்பீட்டாளர் கேட்டது ஒரே கேள்வி: "காமிக்ஸைத் தவிர வேறு எதையும் பார்க்கிற பழக்கம் இல்லையா?"

அடுத்த பலகையில் ஒரு மாணவர், அருங்காட்சியகங்களில் இடம்பெற்ற ஓவியர் ஒருவரின் தூரிகை வீச்சை அப்படியே எடுத்து வைத்திருந்தார். அது ஏன் இந்தப் பொருளுக்குப் பொருந்துகிறது என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. "நல்ல மரபுப் பயிற்சி" என்று பாராட்டு கிடைத்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு. வெவ்வேறு கல்லூரிகளில் இதையே வெவ்வேறு சொற்களில் கேட்டுவிட்டேன். அதனால்தான் தனி ஒருவரோடு வாதிடாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நீங்களே வகுப்பில் திரையிட்டுக் காட்டுகிற ஒரு படைப்பிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் 1966இல் பாடகர் பாப் டிலனுக்காக வரைந்த சுவரொட்டி. இசைத்தட்டு உறைக்குள் மடித்து வைக்கப்பட்டு, லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்த தாள் அது. முகம் பக்கவாட்டில் திரும்பிய கருப்பு நிழலுரு. கண்ணும் கன்னமும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது. தலைமுடி மட்டும் பல நிறப் பட்டைகளாகச் சுருண்டு புரள்கிறது. கீழே பாடகரின் பெயர், படிக்கட்டுபோல வெட்டிய கனத்த எழுத்தில்.

இதில் எது எங்கிருந்து வந்தது என்பதைக் கிளேசரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கருப்பு நிழலுரு, நவீன ஓவியர் மார்செல் டுஷாம்ப் காகிதத்தைக் கிழித்துத் தன் முகத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தைக் காட்டிய தற்படத்திலிருந்து வந்தது. முடியின் வளைவுகளும் நிறங்களும் இஸ்லாமிய நுண்ணோவியங்களிலிருந்து. அந்த எழுத்தின் வடிவமோ, மெக்சிகோ நகரத்தில் ஒரு தையற்காரருக்காகக் கையால் எழுதப்பட்டிருந்த விளம்பரத்திலிருந்து. நவீன ஓவியம், பழைய ஏட்டு ஓவியம், தெருவோர விளம்பரம் ஆகிய மூன்றும் ஒரே தாளில் சரிசமமாக நிற்கின்றன. தாளைப் பார்த்து எந்தப் பகுதி உயர்ந்த இடத்திலிருந்து வந்தது, எது தாழ்ந்த இடத்திலிருந்து வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இத்தனைக்கும் கிளேசர் இத்தாலியின் போலோன்யாவில் ஓவியர் ஜோர்ஜோ மொராண்டியிடம் செதுக்கச்சு, அதாவது உலோகத் தகட்டில் படம் பொறித்து அச்சிடும் கலை, பயின்றவர். அவ்வளவு பெரிய ஓவியரிடம் கற்ற பிறகும் தையற்காரரின் விளம்பரத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. அந்த விளம்பரத்தை எழுதிய கையும் யோசித்து எழுதிய கைதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் பின்னால் போனால் ஓவியர் வான் கோ. பாரிஸில் இருந்த இரண்டு ஆண்டுகளில் அவரும் தம்பி தியோவும் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். இன்று அவை கண்ணாடிப் பேழைக்குள் மங்கிய வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருப்பதால், பிறந்தபோதே உயர்கலையாகப் பிறந்தவை என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அவை எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துச் சாதாரண மக்களுக்காகப் பல படிகள் அச்சிட்டு மலிவாக விற்கப்பட்ட தாள்கள். கபுகி நாடக நடிகர்கள், மல்லர்கள், அழகிகள், சுற்றுலாக் காட்சிகள் ஆகியவையே அவற்றின் பொருள். அந்தக் காலத்து நடிகர் படங்களும் பயண அட்டைகளும் அவைதாம்.

ஜப்பானிய அச்சு ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட ஓர் அச்சில் ஒரு மரப்பாலத்தின் மேல் திடீர் மழை கொட்டுகிறது. பாலத்தில் போகிறவர்கள் குடைக்குள்ளும் பாய்க்குள்ளும் ஒடுங்கிக்கொள்கிறார்கள். தொலைவில் ஒருவர் கட்டைத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார். மழை முழுவதும் மரத்தில் செதுக்கிய மெல்லிய கோடுகள். வான் கோ 1887இல் இதை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். தூரிகைக்கு அந்த மெல்லிய கோடு வசப்படாது. அவருடைய ஆற்றில் தீற்றல்கள் அலையாகத் தெரிகின்றன, நிறங்கள் மூலத்தைவிட அழுத்தமாக இருக்கின்றன. ஓரத்தில் ஒரு சட்டம் வரைந்து, அதில் வேறு அச்சுகளில் இருந்த ஜப்பானிய எழுத்துகளை, அந்த மொழி தெரியாமலேயே, ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து நிரப்பியிருக்கிறார். அதே ஆண்டில் ஹிரோஷிகேயின் பிளம் மரத்தோட்டத்தையும் படியெடுத்தார். அந்த அச்சில் மரத்தின் அடித்தண்டு கண்ணுக்கு மிக அருகில் வந்து காட்சியைக் குறுக்கே வெட்டுகிறது. தோட்டமும் மனிதர்களும் கிளைகளுக்குப் பின்னால் சிறுத்துக் கிடக்கிறார்கள்.

அந்தப் படியெடுப்பின் பலன் அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. 1888இல் அவர் வரைந்த விதைப்பவர் ஓவியம் ஒன்றில் மாபெரும் மஞ்சள் சூரியன். அதற்கு முன்னால், படத்தின் குறுக்கே சாய்ந்து, கருத்த ஒரு மரத்தண்டு. விதைப்பவரின் உருவம் பிரெஞ்சு ஓவியர் மில்லேயிடமிருந்து வந்தது. மரம் எங்கிருந்து வந்தது என்று பிளம் தோட்டத்தைப் பார்த்த யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் அந்த ஓவியத்தை வான் கோவுடையது அல்ல என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கையால் வரைந்து வரைந்து ஒன்றை உள்வாங்கிக்கொண்டால், அது வேறொரு தேவைக்கு வேறு உருவில் வெளியே வருகிறது. கற்பிக்க வேண்டிய செய்தி இது. மூலம் மலிவான அச்சா, விலைமதிப்பற்ற ஓவியமா என்பது இந்த நடைமுறையில் எந்த இடத்திலும் குறுக்கிடவில்லை.

இடையில் ஒரு சிறு செய்தி, சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹிரோஷிகே, ஹொகுசாய் இருவரின் அச்சுகளிலும் நம்மைக் கட்டிப்போடுகிற அந்த ஆழ்ந்த நீலம் பிரஷ்ய நீலம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாக உருவான சாயம், கப்பலேறி ஜப்பான் வந்து சேர்ந்தது. பாரிஸ் ஓவியர்கள் ஜப்பானைப் பார்த்து வியந்தபோது, அந்த வியப்பின் ஒரு பகுதி ஐரோப்பாவிலிருந்தே போயிருந்தது. தூய்மையான மூலம் என்று ஒன்றைத் தேடிப் போகிறவர்கள் எப்போதும் இப்படி ஒரு கலப்பில்தான் போய் நிற்பார்கள்.

வடிவமைப்பிலும் இதே கதைதான். நாற்காலி வடிவமைப்பாளர் மார்செல் பிராயர் 1925இல் வளைந்த எஃகுக் குழாய் நாற்காலியை எண்ணிப் பார்க்கத் தொடங்கியது தன் சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்து. பிக்காசோ 1942இல் ஒரு சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து எருதின் தலையாக்கினார். சூசன் கேர் முதல் மக்கின்டாஷ் கணினிக்கு ஐகான்களை வரைந்தபோது அவருக்குக் கிடைத்த இடம் 32க்கு 32, ஆக 1,024 சிறு கட்டங்கள். கட்டம்போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். மொசைக் தரைகளும் துணியில் எண்ணித் தைக்கும் ஊசிவேலையும் அந்தக் கட்டுப்பாட்டோடு ஏற்கெனவே பழகியவை என்பதால் அவருக்கு அது புதிய சிக்கலாகத் தோன்றவில்லை. மக்கின்டாஷ் விசைப்பலகையின் கமாண்ட் விசையில் இன்றும் இருக்கிற நான்கு சுருள் குறியை, குறியீடுகளின் தொகுப்பு ஒன்றைப் புரட்டும்போது கண்டுபிடித்தார். சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்ட வைக்கப்படும் சாலைப் பலகையின் குறி அது. நாள்தோறும் கோடிக்கணக்கானோர் விரல் படுகிற ஒரு வடிவம், சாலைப் பலகையிலிருந்து வந்தது.

உங்கள் தரப்பு வாதம் எனக்குத் தெரியும். நேர்மையான ஆசிரியர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வெகுசனப் பண்பாட்டை மாணவர்கள் எங்கள் உதவி இல்லாமலேயே காலை முதல் இரவு வரை பார்க்கிறார்கள். எங்களிடம் இருப்பது சில ஆண்டுகள் மட்டுமே. அந்தக் காலத்தில் அவர்கள் தாமாகத் தேடிப் போகாத பழைய ஓவியங்களையும் சிற்பங்களையும் கட்டடங்களையும் காட்டினால்தானே அவர்கள் உலகம் விரியும்? இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். பழையவற்றைக் குறைத்துவிட்டுப் புதியவற்றைத் திணியுங்கள் என்று நான் சொல்லவில்லை. மொராண்டியும் வேண்டும், மில்லேயும் வேண்டும். கிளேசரின் சுவரொட்டியில் நுண்ணோவியம் இல்லாமல் அந்த முடி இல்லை.

ஆனால் கண்ணில் படுவது வேறு, பார்ப்பது வேறு. ஒரு வீடியோ கேமில் பல இரவுகளைக் கழித்த மாணவரிடம், திரையில் அம்புக்குறியே இல்லாதபோது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. தொலைவில் ஒரு வெளிச்சம் இருந்திருக்கும். ஏறக்கூடிய விளிம்புக்கு மட்டும் ஒரு நிறம் தந்திருப்பார்கள். வழி ஒரு திருப்பத்தில் குறுகி, பிறகு சட்டென்று விரிந்திருக்கும். கட்டடக் கலைஞர்களும் மேடை ஒளியமைப்பாளர்களும் காலங்காலமாகக் கையாளுகிற அதே உத்திகள். அவருடைய உடலுக்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்ல வைக்கக்கூடியவர் ஆசிரியர் மட்டும்தான். நீங்கள் முகம் சுளித்து ஒதுங்கிக்கொண்டால், அவர் அதிக நேரம் செலவிடுகிற இடத்தில்தான் அவருக்கு வழிகாட்ட ஆளில்லாமல் போகிறது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. அதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. மாணவர்கள் மூலத்தை மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். உண்மையில் ஓர் அனிமேஷன் தொடரின் பின்னணிக் காட்சியிலிருந்து வந்த நிறங்களுக்கு, மதிப்பீட்டு அறிக்கையில் பெயர்பெற்ற ஓர் ஓவியரின் பெயரை எழுதுகிறார்கள். கேட்கிறவர்களுக்குப் பிடித்த பதில் எது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரியில் ஒப்புக்கு எழுதிய அந்தப் பொய், வேலைக்குப் போனதும் பழக்கமாகிறது. மற்றவர் வேலையை எடுத்துப் பெயர் சொல்லாமல் பயன்படுத்துவதற்கு முதல் பயிற்சியை நாமே கொடுத்துவிடுகிறோம்.

வெகுசனக் கலையைத் தாழ்த்தி வைப்பதற்கும் அதைப் படைத்தவரின் பெயரை விழுங்குவதற்கும் நெருங்கிய உறவு உண்டு. ராய் லிக்டன்ஸ்டைன் 1963இல் வரைந்த போர் விமான ஓவியம் இன்று லண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; ஒரு சுவரையே நிறைக்கும் அளவு அது. அதன் அமைப்பு, அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஒரு சித்திரக்கதையில் இர்வ் நோவிக் வரைந்த கட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. லிக்டன்ஸ்டைன் மாற்றியவை பல: அளவு, நிறம், எதை வைப்பது, எதை நீக்குவது. அவை கலைஞனின் மாற்றங்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓவியரின் பெயரை உலகம் அறிந்த அளவில் நூற்றில் ஒரு பங்குகூட நோவிக்கின் பெயரை அறியாது. சித்திரக்கதை என்பது யாரும் வரையாமல் தானாக விளைகிற கச்சாப்பொருள் என்ற எண்ணம் இருந்ததால்தான் இது நடந்தது.

இசையில் இன்னும் வேதனையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு பதிவு செய்த ஒரு பாடலில், டிரம்ஸ் வாசித்த கிரெகரி கோல்மன் சில விநாடிகளுக்குத் தனியாக வாசிக்கிறார். அந்த நான்கு தாளச் சுற்றுகளை வெட்டியெடுத்து, வேகம் கூட்டி, துண்டாக்கி, மாற்றி அடுக்கி ஆயிரக்கணக்கான பாடல்கள் பிறந்தன. ஹிப் ஹாப்பில் அது மீண்டும் மீண்டும் ஒலித்தது; ஜங்கிள் என்கிற அதிவேக நடன இசை அந்த விநாடிகளின் மேல் எழுந்தது என்று சொன்னால் மிகையாகாது. எடுத்தவர்களின் படைப்பாற்றலை நான் கொண்டாடுகிறேன். கோல்மனுக்கு அதிலிருந்து பங்குத்தொகை எதுவும் வந்து சேரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். எடுப்பது குற்றம் என்று இதிலிருந்து மாணவர்களுக்குச் சொல்லாதீர்கள். எடுத்த இடத்தில் ஒரு மனிதர் இருந்தார், அவருக்கு ஒரு பெயர் இருந்தது என்று சொல்லுங்கள்.

இன்றைய நிலையில் அந்தப் பெயர் இன்னும் எளிதாகத் தொலைகிறது. மாணவர்களின் தூண்டுதல் பலகைகளைப் பாருங்கள். படங்களைச் சேமிக்கும் தளங்களிலிருந்து இறக்கிய நாற்பது, ஐம்பது படங்கள். வரைந்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, அளவு இல்லை, எதற்காகச் செய்யப்பட்டது என்ற குறிப்பு இல்லை. ஒரு படத்தைச் சொடுக்கினால் அதைப் போன்ற இன்னொன்றை அந்தத் தளமே நீட்டுகிறது. ஆகவே ஒருவரையொருவர் அறியாத மாணவர்களின் பலகைகள்கூட உடன்பிறந்தவைபோல இருக்கின்றன. இதில் ஓவியம், சித்திரக்கதை, விளம்பரம் என்ற வேறுபாடெல்லாம் இல்லை. ஓவிய மேதை ரெம்பிராண்ட்டும் அங்கே பெயரற்ற சிறு சதுரம்தான். நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான். மேம்போக்கைக் கண்டியுங்கள், உங்களோடு நானும் நிற்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மதிப்பீட்டுப் படிவத்தில் தூண்டுதலுக்கு இப்போது ஒற்றை வரிதான் இருக்கிறது. அதை ஒரு முழுப் பக்கமாக்குங்கள், அதற்கு மதிப்பெண்ணும் வையுங்கள். மூலத்தைப் படைத்தவர் யார், எந்த ஆண்டு, முதலில் யாருக்காகச் செய்யப்பட்டது, அதிலிருந்து நான் எடுத்தது எது, மாற்றியது எது, ஏன் மாற்றினேன் என்று மாணவர் தன் கையால் எழுதட்டும். பெயர் கண்டுபிடிக்க முடியாத மூலமாக இருந்தால், எங்கெல்லாம் தேடினார் என்று எழுதட்டும். மூலத்தின் படத்தை ஒட்டுவதற்குப் பதிலாகப் பார்த்து வரையட்டும். மோசமாக வரைந்தாலும் பரவாயில்லை. ஒரு கேமின் ஒற்றைத் திரையைப் பென்சிலால் வரைய ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அதற்குள் கண்டுபிடித்திருப்பார்.

படியெடுத்தல் என்றாலே பதறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 1793இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோதே ஓவியர்கள் வந்து படியெடுக்க நாள்கள் ஒதுக்கியது. இன்றும் அனுமதி பெற்றவர்கள் அங்கே முக்காலி வைத்து வரைகிறார்கள். மூலத்தின் அதே அளவில் வரையக் கூடாது என்பது விதி. அளவு மாறும்போது ஒவ்வொரு கோட்டையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இதே விதியைச் சித்திரக்கதைப் பக்கத்துக்கும் இசைத்தட்டு உறைக்கும் பொருத்துங்கள். உள்ளங்கையளவு கட்டத்தை மேசையளவுக்கு வரையச் சொல்லுங்கள். அச்சில் தெரியாமல் இருந்த கோட்டின் நடுக்கம், வெற்றிடத்தின் கனம் எல்லாம் அப்போது கேள்வியாக எழும். லிக்டன்ஸ்டைன் சந்தித்த கேள்விகளும் அவைதாம். மாணவருக்கு அவரையும் நோவிக்கையும் ஒரே பாடத்தில் அறிமுகப்படுத்தவும் வழி கிடைக்கும்.

பாடத்திட்டத்திலும் ஓர் இடம் கேட்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வெகுசனப் படைப்பையாவது, ஒரு மறுமலர்ச்சிக் கால ஓவியத்துக்கு நீங்கள் கொடுக்கிற அதே நேரத்தையும் அதே பொறுமையையும் கொடுத்துப் பாடமாக நடத்துங்கள். எந்தப் படைப்பு என்பதை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். உங்களுக்குப் பழக்கமில்லாததாக இருந்தால் இன்னும் நல்லது. தனக்குப் புதிதான ஒன்றை ஓர் அனுபவசாலி எப்படிப் பார்க்கத் தொடங்குகிறார், முதலில் எதைக் கேட்கிறார், எங்கே தயங்குகிறார் என்று பார்க்கிற வாய்ப்பு மாணவர்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது.

நான் கேட்டிருக்கிற மூலப் பக்கத்துக்கு மாதிரிப் படிவம் ஒன்றை வடிவமைத்துத் தர நான் தயாராக இருக்கிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம். அடுத்த இறுதியாண்டு மதிப்பீட்டுக்கு முன் ஒரு வகுப்பில் மட்டும் அதைச் சோதித்துப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு மாணவர்களால் பதில் எழுத முடியவில்லை என்று குறித்து அனுப்புங்கள், அதற்கேற்ப மாற்றித் தருகிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
சுவரொட்டி வடிவமைப்பாளர் ஒருவர்